ஆன்லைனில் டாக்டரா, கிளினிக் முன்பதிவா? முதல்முறை தேர்வு செய்பவர்களுக்கு

உடம்புக்கு முடியாதபோது போனை எடுத்து டாக்டர் என்று தேடினால் வரிசையாக ஆப்கள் வந்து நிற்கின்றன. எல்லாவற்றிலும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சிரிக்கிறார். எல்லாவற்றிலும் 'இப்போதே டாக்டரைப் பாருங்கள்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் நடப்பதுதான் வேறு வேறு. சில ஆப்களில் கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டர் திரையில் வந்து பேசுவார். மற்றவற்றில் ஏதோ ஒரு கிளினிக்கில் நாளைக்கோ அடுத்த வாரமோ உங்களுக்கு ஒரு நேரம் குறிக்கப்படும். முதல் வகையை நேரடி ஆன்லைன் மருத்துவம் என்றும் இரண்டாவதை முன்பதிவுத் தளம் என்றும் இங்கே சொல்கிறேன்.

எந்த ஆப் நல்லது என்று கேட்டுத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டு கேள்விகளில் தொடங்குங்கள். இந்தப் பிரச்சினைக்கு யாராவது உடம்பைத் தொட்டுப் பார்த்தாக வேண்டுமா? நாளைக்கு இது முற்றினால் எனக்குப் பதில் சொல்ல யார் இருப்பார்? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான் போகின்றன. என் கருத்தில் இரண்டாவது கேள்விதான் பெரியது. அதைத்தான் பெரும்பாலானவர்கள் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதல் படி: இரண்டுமே கூடாத நேரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

சில அறிகுறிகள் வந்தால் ஆப்பைத் திறக்கவே கூடாது. நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவு, இல்லையென்றால் ஆம்புலன்ஸ்.

நெஞ்சை அழுத்திப் பிடிப்பது போன்ற வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்த்துக் கொட்டுவது. முகம் ஒரு பக்கமாகக் கோணுவது, தூக்கிய கை தானாகக் கீழே இறங்குவது, பேச்சு குளறுவது. மூச்சிரைப்பால் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேசமுடியாமல் போவது. இதுவரை கண்டிராத அளவில் திடீரென்று இடிபோல் வரும் தலைவலி. திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்குவது. கர்ப்பமாக இருக்கும்போது ரத்தப்போக்கு. வலிப்பு, நிற்காத ரத்தம், பாம்புக்கடி, மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியது. பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்து, தனியாக இருக்கவே பயமாக இருப்பது.

இவற்றில் நேரம்தான் எல்லாமே. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் மூளையை ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வீடியோவில் டாக்டருக்காகக் காத்திருந்து, அவர் பார்த்துவிட்டு 'உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று சொல்வதற்குள் அந்த நேரத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

வெட்கத்தால் ஆன்லைனுக்கு வரும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பையன்களுக்கு, அதிலும் வளரும் வயதில், விதைப்பையில் திடீரென்று கடுமையான வலி வந்தால் அது விதை உள்ளே திருகிக்கொண்டதால் இருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். பையன் அம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு ராத்திரி முழுக்க சாட்டில் யாரிடமாவது கேட்டுக்கொண்டிருப்பான். வீட்டில் அந்த வயதில் பையன் இருந்தால் இப்படி ஒன்று உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரண்டாம் படி: தொட்டுப் பார்க்க வேண்டுமா?

தூரத்திலிருந்து மருத்துவம் பார்ப்பது நாம் நினைப்பதைவிடப் பழைய விஷயம். நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 1905-இல், மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதய மின்னலைகளைத் தொலைபேசிக் கம்பி வழியாகச் சுமார் 1.5 கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வகத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். 1968-இல் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் இருந்த ஒரு மருத்துவ நிலையத்தை மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையோடு தொலைக்காட்சி இணைப்பால் சேர்த்தார்கள். டாக்டர் திரையில் இருந்தார். நோயாளியின் பக்கத்திலோ ஒரு நர்ஸ் இருந்தார். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தது அவருடைய கை. இன்று உங்கள் போனில் வரும் வீடியோ காலில் படம் அதைவிடத் தெளிவு, ஆனால் அந்தக் கை மட்டும் இல்லை. அதனால் அந்தக் கை இல்லாமல் எது நடக்கும், எது நடக்காது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நேரில்தான் போக வேண்டியவை: வயிற்றுவலி, அதிலும் வலது பக்கம் அடிவயிற்றில் கூடிக்கொண்டே போகும் வலி. அழுத்தும்போது வயிறு விறைக்கிறதா, கையை எடுக்கும்போது வலி சுரீரென்று கூடுகிறதா என்பதை டாக்டரின் விரல்கள்தான் உணர முடியும். மார்பிலோ கழுத்திலோ அக்குளிலோ புதிதாகத் தட்டுப்படும் கட்டி. காதுவலி, ஏனென்றால் செவிப்பறையைக் கருவி இல்லாமல் பார்க்க முடியாது. கண் சிவந்து வலிப்பதோடு பார்வையும் மங்குவது. நாள்கணக்கில் காய்ச்சலோடு இருமல், அதற்கு நுரையீரலைக் கேட்டாக வேண்டும். அடிபட்டு வீங்கிய மூட்டு. தையல் போட வேண்டிய காயம். தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. இதற்கெல்லாம் முன்பதிவுத் தளமே போதும். வீடியோவில் பணம் கட்டிவிட்டு 'நேரில் காட்டுங்கள்' என்ற பதிலை வாங்கினால் இரண்டு தடவை செலவு.

ஆன்லைனில் நன்றாக நடப்பவை: கட்டுக்குள் இருக்கும் பிபி, சுகர், தைராய்டு ஆகியவற்றுக்கு மாத்திரையைத் தொடர்வது. ரிப்போர்ட்டைக் காட்டி விளக்கம் கேட்பது. அறுவை சிகிச்சைக்கு முன் இன்னொருவரின் கருத்து. சளி, லேசான வயிற்றுப்போக்கு போன்ற சின்னத் தொல்லைகள். புகை பிடிப்பதை நிறுத்த உதவி. தெளிவான போட்டோ எடுக்க முடிகிற தோல் பிரச்சினைகள் பல. மனநல ஆலோசனை. கடைசியாகச் சொன்னதில் ஆன்லைன் பலருக்கு நேரில் போவதைவிட எளிதாக இருக்கிறது. காத்திருப்பு அறையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயமே பல பேரை வருஷக்கணக்கில் டாக்டரிடம் போகவிடாமல் தடுத்திருக்கிறது. அவர்களுக்கு அந்தத் திரை ஒரு நல்ல வாசல். ஆனால் பேசுவதற்குத் தனியறையோ, கதவைச் சாத்தக்கூடிய ஓர் இடமோ வேண்டும்.

சுகர் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மாத்திரையை வீடியோவில் தொடரலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்ற வருடாந்தரப் பரிசோதனையை வீடியோவில் செய்ய முடியாது. ஆன்லைனிலேயே எல்லாம் நடக்கிறது என்று இந்த இரண்டையும் தள்ளிப்போடுவதுதான் நான் பார்த்ததில் அதிகம் கவலைப்படுத்தும் பழக்கம்.

சந்தேகமாக இருக்கும் நடுவாந்தரப் பிரச்சினைகளுக்கு, அதாவது நேற்று தொடங்கிய காய்ச்சல், காரணம் தெரியாத தலைசுற்றல் போன்றவற்றுக்கு, ஆன்லைனில் தொடங்கலாம். ஆனால் 'இது வீடியோவில் பார்க்கக்கூடியதுதானா, நேரில் வரணுமா?' என்று முதல் நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: நாளைக்கு யார் இருப்பார்?

நேரடி ஆன்லைன் சேவைகள் பலவற்றில் அந்த நேரத்தில் யார் கிடைக்கிறாரோ அவர்தான் உங்கள் டாக்டர். அடுத்த தடவை வேறொருவர் வருவார். பழைய குறிப்புகள் அவர் திரையில் தெரிந்தால் பரவாயில்லை. தெரியாவிட்டால் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும்.

இதில் சிக்கலான இடம் பரிசோதனை ரிப்போர்ட். இன்று ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்கிறார். ரிப்போர்ட் இரண்டு நாள் கழித்து வருகிறது. அதைப் படிக்கப்போவது யார்? அவரேவா, அன்று பணியில் இருக்கும் வேறொருவரா, அல்லது இன்னொரு தடவை பணம் கட்டி நீங்கள்தான் காட்ட வேண்டுமா? சிறுநீரகத்தின் செயல்திறனைக் காட்டும் கிரியாட்டினின் அளவு கூடியிருந்தால் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல ஆள் உண்டா? சேர்வதற்கு முன்பே வாடிக்கையாளர் சேவையில் இதைக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அங்கே பரிசோதனை வரை போகும் எந்தப் பிரச்சினைக்கும் போகாதீர்கள்.

முன்பதிவுத் தளத்தின் நிலைமை வேறு. அங்கே பார்ப்பது கிளினிக்கின் டாக்டர். கிளினிக்குக்கு முகவரி உண்டு, போன் உண்டு, உங்கள் கோப்பு அங்கே இருக்கும். மருந்தில் சந்தேகம் வந்தால் மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டுக் கேட்க ஓர் எண் இருக்கும். ஆனால் தளத்தின் பொறுப்பு பெரும்பாலும் உங்களுக்கு நேரம் வாங்கிக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. சிகிச்சையில் குறை என்றால் தளத்திடம் புகார் சொல்லிப் பயன் இருக்காது, கிளினிக்கிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது இரண்டும் கலந்த தளங்களும் வந்துவிட்டன. நேரம் பதிவு செய்யும் அதே ஆப் வீடியோ ஆலோசனையும் விற்கிறது. அப்படிப்பட்ட இடத்தில், பணம் கட்டியதும் கிடைப்பது முகவரியா இணைப்பா, ரசீதில் யார் பெயர் இருக்கிறது, விதிமுறைகளில் 'நாங்கள் மருத்துவச் சேவை வழங்குவதில்லை' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இருந்தால் அது சந்தை மட்டுமே. டாக்டர் வேறு ஆள், பொறுப்பும் வேறு ஆளுடையது.

இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே வீடியோவிலோ போனிலோ பார்ப்பாரா என்று அவர் கிளினிக்கில் கேளுங்கள். பார்ப்பார் என்றால் மேலே சொன்ன கவலைகளில் பெரும்பகுதி தீர்ந்தது. உங்கள் உடம்பை ஏற்கெனவே தொட்டுப் பார்த்தவர் திரையில் பார்ப்பதும், முன்பின் தெரியாதவர் திரையில் பார்ப்பதும் ஒன்றாகாது.

நான்காம் படி: டாக்டரைச் சரிபாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன் டாக்டரின் முழுப்பெயர், படிப்பு, பதிவு எண் மூன்றும் தெரிய வேண்டும். பெயரையே காட்டாமல் 'சிறந்த நிபுணர்' என்று மட்டும் போட்டிருந்தால் வெளியே வந்துவிடுங்கள். பல நாடுகளில் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். எண்ணைப் போட்டு, பெயர் பொருந்துகிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பல இடங்களில் சட்டம் பார்ப்பது, வீடியோ கால் நடக்கும் நேரத்தில் நோயாளி எங்கே இருக்கிறார் என்பதை. அந்த இடத்தில் மருத்துவம் பார்க்க அந்த டாக்டருக்கு உரிமம் வேண்டும். ஊரில் இருக்கும் தெரிந்த டாக்டர் போனில் அறிவுரை சொல்லலாம், ஆனால் அவர் எழுதும் சீட்டை நீங்கள் இருக்கும் நாட்டின் மருந்துக்கடை ஏற்காமல் போகலாம்.

சிறப்பு மருத்துவரை நீங்களே முடிவு செய்ய வேண்டாம் என்பது என் வலுவான கருத்து. முன்பதிவுத் தளங்கள் 'இதயம்', 'வயிறு', 'நரம்பு' என்று படம் போட்டு வைத்திருப்பதால், நாமே நோயைக் கண்டுபிடித்து உரிய படத்தை அழுத்த வேண்டியது போல் ஆகிவிடுகிறது. நெஞ்செரிச்சலுக்கு இதய நிபுணரிடமும், கழுத்து இறுக்கத்தால் வந்த தலைவலிக்கு நரம்பியல் நிபுணரிடமும் போய் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். முதலில் ஒரு பொது மருத்துவர். அவர் எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே முன்பதிவு.

இன்னொரு வகையிலும் கவனம் வேண்டும். ஒரே ஒரு பொருளைச் சுற்றிக் கட்டப்பட்ட ஆன்லைன் சேவைகள் உண்டு: எடை குறைக்கும் ஊசி, முடி கொட்டுவதற்கு மருந்து, ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை. ஒரு படிவத்தை நிரப்பினால் ஒரு டாக்டர் 'பார்த்து' ஒப்புதல் தருவார், மருந்து வீட்டுக்கு வரும். ஆலோசனை தருபவரும் மருந்து விற்பவரும் ஒரே நிறுவனம் என்றால், 'உங்களுக்கு இது வேண்டாம்' என்று சொல்ல அங்கே யாருக்கும் அவசரம் இருக்காது. விறைப்புக் குறைவு சிலருக்கு இதய ரத்தக்குழாய் நோயின் முன்னறிகுறியாகவே வருகிறது. அந்த மாத்திரைகளை நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். படிவத்தில் ஒரு டிக் தவறினால் போதும். இப்படிப்பட்ட மருந்துகளை, உங்களோடு பேசி, மற்ற மருந்துகளையும் கேட்டறியும் டாக்டரிடமே வாங்குங்கள்.

ஐந்தாம் படி: பணமும் தகவலும்

பணத்தில் பார்க்க வேண்டியவை சில. கட்டணம் ஒரு தடவைக்கா, மாதச் சந்தாவா? சந்தா என்றால் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா, நிறுத்த எங்கே போக வேண்டும்? மறு ஆலோசனை எத்தனை நாளுக்குள் இலவசம்? முன்பதிவுத் தளத்தில் கட்டுவது டாக்டர் கட்டணமா, பதிவுக் கட்டணம் மட்டுமா? காப்பீடு இருந்தால் வீடியோ ஆலோசனை அதில் அடங்குமா?

தகவல் விஷயம் பணத்தைவிட முக்கியம். 2023-இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் மனநல ஆலோசனை நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. ரகசியமாக வைப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் மனநலக் கேள்விகளுக்கு அவர்கள் தந்த விவரங்களையும் பேஸ்புக், ஸ்னாப்சாட் உள்ளிட்ட நிறுவனங்களோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்பது குற்றச்சாட்டு. 78 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் அது யாரும் கேள்விப்படாத சின்னக் கம்பெனி இல்லை, பெரிய நிறுவனம். ஆகவே சேரும்போது வேறொரு புது மின்னஞ்சலைக் கொடுங்கள், சமூக வலைத்தளக் கணக்கு வழியாக உள்ளே நுழையாதீர்கள், தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் ஆப் கேட்டால் மறுத்துவிடுங்கள். வீடியோவுக்குக் கேமராவும் மைக்கும் போதும். டாக்டரோடு பேசும் முன்பே நீண்ட கேள்வித்தாள் வந்தால், அதை நிரப்பாமலே பேச முடியுமா என்று பாருங்கள்.

ஆறாம் படி: வீடியோ ஆலோசனைக்குத் தயாராவது

நேரில் நர்ஸ் செய்வதை இங்கே நீங்கள் செய்ய வேண்டும். காய்ச்சலை அளந்து, எத்தனை மணிக்கு எவ்வளவு என்று எழுதி வையுங்கள். குழந்தை என்றால் இன்றைய எடை வேண்டும், மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் மேஜையில் பரப்பி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் பெயர் தப்பும்.

பிபி பார்ப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால்களைப் பின்னிக்கொள்ளாமல் தரையில் பதித்து, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை இதய உயரத்தில் மேஜைமேல் வைத்து, துணிமேல் இல்லாமல் வெறுங்கையில் பட்டையைச் சுற்றுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையுமே சொல்லுங்கள். நல்லதாகத் தெரிவதை மட்டும் சொன்னால் டாக்டர் தப்பான எண்ணுக்கு மருந்து எழுதுவார்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால் நகப்பூச்சை நீக்கி, குளிர்ந்த விரலைச் சூடாக்கிய பிறகு மாட்டுங்கள். கருமை நிறத் தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்ட வாய்ப்பு உண்டு என்பதை 2020-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. எண் 95 என்று இருந்தாலும் மூச்சுத் திணறினால் மூச்சுத் திணறலைத்தான் நம்ப வேண்டும், எண்ணை அல்ல.

தோல் பிரச்சினைக்குப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் இரண்டு போட்டோ: தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து அருகிலிருந்து ஒன்று. கேமராவின் அழகூட்டும் வடிகட்டியை (பியூட்டி பில்டர்) அணைத்துவிடுங்கள். வீடியோ கால் தொடங்கும் முன்பே அனுப்பி வைத்தால் நல்லது, ஓடும் வீடியோவில் நிறம் மாறித் தெரியும்.

ஒரு நல்ல டாக்டர் வீடியோவில் எவ்வளவு பார்த்துவிட முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். இரண்டு வயதுக் குழந்தைக்குச் சளி, காய்ச்சல். அம்மா போனைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடிக்கிறார்.

"முகம் போதும்மா. சட்டையை மேலே தூக்குங்க. போனை எங்கேயாவது சாய்ச்சு வெச்சுடுங்க, ஆடக் கூடாது. குழந்தை அழாம இருக்கட்டும்."

டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு முழு நிமிடம் வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை எண்ணுகிறார். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை என்றால் 50. இது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அடுத்து, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிகிறதா என்று பார்க்கிறார்.

"குழியுது பாருங்க, அங்கே. இனி நான் வீடியோவில் பார்க்கிறதுல அர்த்தமில்லைம்மா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நான் எழுதித் தர்றேன், அங்கே காட்டுங்க."

இந்த டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை, ஆனாலும் கட்டின பணத்துக்கு முழு மதிப்பு கிடைத்துவிட்டது. மாறாக, கேமராவை எங்கேயும் திருப்பச் சொல்லாமல், இரண்டு நிமிடத்தில் சளிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதித் தருபவர் விரைவாக முடித்தார் என்று மகிழாதீர்கள். சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது.

ஏழாம் படி: முன்பதிவுத் தளத்தைப் பயன்படுத்துவது

பட்டியலில் முதலில் வருபவர் முதல்தரமானவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளினிக்குகளிடம் சந்தாவோ ஒவ்வொரு பதிவுக்கும் தரகோ வாங்கித்தான் பல தளங்கள் நடக்கின்றன. பணம் கொடுத்து மேலே வந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்கும். அதைத் தாண்டிப் பாருங்கள்.

விமர்சனங்களில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு வாசகங்களைப் படியுங்கள். 'நல்ல டாக்டர், அன்பாகப் பேசினார்' என்பதில் தகவல் இல்லை. 'பதினொரு மணிக்கு நேரம் கொடுத்து ஒரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள்', 'ரிப்போர்ட் வந்ததும் போனில் விளக்கினார்', 'ஸ்கேன் எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை' போன்ற வரிகளில் தகவல் இருக்கிறது. மூன்று, நான்கு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் நம்பலாம். சிகிச்சையின் தரத்தை விமர்சனத்தில் அளக்க முடியாது. காத்திருப்பு, பேச்சு, கட்டணம் இந்த மூன்றை அளக்கலாம்.

பதிவானதும் கிளினிக்குக்கு ஒரு போன் போடுங்கள். தளத்தின் நாட்காட்டியும் கிளினிக்கின் நாட்காட்டியும் எல்லா இடத்திலும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. டாக்டர் விடுப்பில் இருப்பார், உங்கள் பெயரில் நேரம் மட்டும் பதிவாகியிருக்கும். போனில் மூன்றே விஷயம்: அன்றைக்கு டாக்டர் இருப்பாரா, என் பெயர் பட்டியலில் இருக்கிறதா, வெறும் வயிற்றில் வர வேண்டுமா. சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால் லிப்ட் உண்டா என்பதையும் கேளுங்கள்.

எட்டாம் படி: முடித்துக்கொண்டு எழுவதற்கு முன்

திரையிலானாலும் நேரிலானாலும் எழுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "எத்தனை நாளில் குணம் தெரியணும்? தெரியலைன்னா, இல்லை என்ன ஆனா, நான் எங்கே வரணும்?" இதற்கு மூன்று பகுதியாகப் பதில் வர வேண்டும்: நாள், அறிகுறி, இடம். பதிலை எழுதிக்கொண்டு ஒருமுறை டாக்டரிடமே திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். கேட்டதில் பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வயதானவர்களுக்கு உதவியாக உட்காருபவர் இதைச் செய்யலாம். ஆனால் கேள்விகளுக்கு முதலில் அவர்களே பதில் சொல்லட்டும், காது சரியாகக் கேட்காதவர் என்றால் ஹெட்போன் மாட்டிவிடுங்கள்.

மருந்துச் சீட்டில் டாக்டரின் பெயர், பதிவு எண், தேதி, மருந்தின் பொதுப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல), அளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். தூக்க மாத்திரை, பலமான வலி நிவாரணி போன்றவற்றை ஆன்லைனில் எழுத மறுத்தால் கோபப்பட வேண்டாம். பல நாடுகளில் சட்டமே தடுக்கிறது, தடுக்காத இடத்திலும் முன்பின் தெரியாதவருக்கு அதை எழுதாமல் இருப்பதுதான் சரி.

கடைசி வேலை கோப்பு. சீட்டு, ரிப்போர்ட், ஆலோசனைக் குறிப்பு எல்லாவற்றையும் அன்றைக்கே ஆப்பிலிருந்து இறக்கி, தேதி போட்டு உங்கள் போனிலும் இன்னோர் இடத்திலும் வையுங்கள். ஆப் மூடப்படலாம், சந்தா நின்றால் உள்ளே போக முடியாமல் ஆகலாம். ஆன்லைனில் பார்த்ததை வழக்கமான டாக்டருக்கும், கிளினிக்கில் பார்த்ததை ஆன்லைன் டாக்டருக்கும் காட்டும் ஒரே ஆள் நீங்கள்தான். இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரே வலி நிவாரணியை வேறு வேறு பெயரில் எழுதியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க இந்தக் கோப்பு ஒன்றுதான் வழி. அடுத்த தடவை எங்கே போனாலும் முதலில் அதைத் திறந்து காட்டுங்கள்.